திண்ணையில் கேட்பவருக்கு ஓர் ஆம்ப்ளிஃபையர்

கல்லணையிலிருந்து கோவிலடி வழியாகத் திருவையாற்றை நோக்கிச் செல்லும் சாலையில், குடமுருட்டி ஓடும் திருக்காட்டுப்பள்ளியைப் போன்ற ஓர் ஊரில், சங்கீதம் கேட்பது என்பது வெகுகாலமாகப் பலர் கூடி அனுபவிக்கும் விஷயமாகவே இருந்து வந்திருக்கிறது. கோயில் புறப்பாட்டில் சுவாமிக்கு முன்னே செல்லும் நாதஸ்வரத்தைத் தெருவே கேட்கும். புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்றில் வித்வான்கள் கூட்டமாக உட்கார்ந்து பஞ்சரத்தினக் கிருதிகளைப் பாடுவதை ஆற்றங்கரையே கேட்கும். 1939இல் திருச்சி வானொலி நிலையம் தோன்றிய பிறகு, ரேடியோப் பெட்டி இருந்த வீட்டுத் திண்ணையில் அக்கம்பக்கத்தாரும் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். இப்போது அதே திண்ணையில் ஒருவர் தனியே அமர்ந்து, பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு ஸ்வரமும் கேளாதபடி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அரியக்குடியின் பாட்டையோ ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத்தையோ கேட்டுக்கொண்டிருக்கிறார். இதைக் கலிகாலத்தின் அடையாளமாகக் கருதி வருந்துகிற பெரியவர்கள் உண்டு; நான் அவர்களைச் சேர்ந்தவன் அல்லன்.

ஏனெனில் ஹெட்போன் நமக்குப் புதிதாக வந்த சாதனமே அல்ல. 1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலானோர் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி ஒலிபரப்பியபோது, கிறிஸ்டல் கருவி வைத்திருந்தவர்கள் அந்த ஒலியை ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் கேட்க முடிந்தது. அந்தக் கருவிக்குப் பாட்டரியும் இல்லை, ஒலியைப் பெருக்கும் உறுப்பும் இல்லை. ஏரியல் கம்பி ஆகாயத்திலிருந்து பிடித்துக் கொடுத்த அற்பசொற்பச் சக்தியே காதுவரை வந்து சேர்ந்தது. அந்த அற்பத்தைக் கொண்டே ஒலி எழுப்ப வேண்டியிருந்ததால், அக்காலத்து ஹெட்போன்களை மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றி, 2000 ஓம் அளவில் செய்தார்கள். ஆகவே, ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் ஹெட்போனில் கேட்பது அபூர்வமுமல்ல, அபசாரமுமல்ல. இன்று ஹெட்போனுக்கு ஆம்ப்ளிஃபையர் விற்பவர்கள் நம்மிடம் சொல்ல மறப்பது இதைத்தான்.

கைபேசியில் ஹெட்போன் சொருகும் துளையே பரவலாக மறையத் தொடங்கியது ஆப்பிள் கம்பெனி 2016இல் தன் ஐபோன் 7 மாதிரியில் அதை எடுத்துவிட்ட பிறகுதான். ஆனால் தனி ஆம்ப்ளிஃபையரின் கதை அதற்கும் மூத்தது: வெகு முன்பே, சூ மோய் என்ற அமெரிக்கர் மிட்டாய் டப்பாவுக்குள் 9 வோல்ட் பாட்டரியோடு அடங்கும்படி ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரை வகுத்துக் கொடுத்து, பற்றவைக்கத் தெரிந்த பையன்களை எல்லாம் மகிழ்வித்திருந்தார். 2007இல் சீனத்து குவாங்ஜோ நகரில் ஃபியோ கம்பெனி பிறந்தது. 2011இல் தம் பெயரை வெளியிடாத ஓர் இஞ்சினியர், ஓ2 என்ற ஆம்ப்ளிஃபையரின் முழு விவரத்தையும் அளவைகளோடு உலகுக்கு இனாமாகக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டே எழுதுவதை நிறுத்தி மறைந்துபோனார். இன்றோ, வடத்தின் நுனியில் விரல் அளவாகத் தொங்குவதிலிருந்து சட்டைப்பையைக் கிழித்துவிடும் கனமுள்ளது வரையில், சில நூறு ரூபாயில் தொடங்கி லட்சத்தைத் தொடும்வரையில், எண்ணிறந்த உருப்படிகள் இருக்கின்றன. சென்னையில் ஹெட்போனுக்கென்றே ஹெட்போன் ஸோன் என்றொரு கடை நடக்கிறது. அங்கிருந்து கூரியரில் திருக்காட்டுப்பள்ளிக்கு எதையும் வரவழைக்கலாம். எதை வரவழைப்பது என்று கேட்கிறவர்களுக்கு நான் கூறும் பதில் அவர்களுக்கு ரஸிப்பதில்லை: ஆம்ப்ளிஃபையரைப் பற்றி விசாரிப்பதற்கு முன், உங்கள் ஹெட்போனின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களை முதலில் படித்துப் பாருங்கள் என்பதே அது.

அவற்றுள் ஒன்று, ஓம் கணக்கில் சொல்லப்படும் இம்பீடன்ஸ்; மற்றொன்று, எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சப்தம் எழும் என்பதை டெசிபலில் கூறும் உணர்திறன். ஆற்று நீரோடு பழகியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம்: வோல்ட் என்பது மதகுக்கு மேலே நிற்கும் நீரின் உயரம், மில்லியாம்பியர் என்பது மதகின் வழியே ஓடும் நீரின் அளவு, ஓம் என்பது மதகின் இறுக்கம். சென்ஹைஸர் எச்டி 650 என்ற புகழ்பெற்ற ஹெட்போன் 300 ஓம் உடையது. ஒரு வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் ஒலிக்கும். தவிலின் திடீர் அடிகளுக்கும் இடம் விட்டு 110 டெசிபல் வரையில் அதற்குத் தாராளம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 2.2 வோல்ட் தேவைப்படும்; ஆனால் ஓடுகிற மின்சாரமோ ஏழெட்டு மில்லியாம்பியர்தான். ஹைஃபைமேன் சுந்தரா என்ற மற்றொரு ஹெட்போனை எடுத்துக்கொள்ளுங்கள்: 37 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 94 டெசிபல். அதே 110 டெசிபலுக்கு இதற்கு 1.2 வோல்ட் போதும். மின்சாரமோ முப்பது மில்லியாம்பியருக்கு மேல் ஓடியாக வேண்டும். முன்னதற்கு உயரம் வேண்டும், பின்னதற்கு ஓட்டம் வேண்டும். ஆகையால் “சக்திவாய்ந்தது” என்று மட்டும் விளம்பரப்படுத்தப்படும் ஆம்ப்ளிஃபையரால் என்ன பிரயோஜனம் என்பது, அதில் எந்த ஹெட்போனைச் சொருகுகிறோம் என்பதைப் பொறுத்தது. இன்ன ஓமில் இத்தனை மில்லிவாட் என்று இரண்டு மூன்று இடங்களில் அளந்து சொல்லாத கம்பெனியின் சரக்கை நான் தொடுவதில்லை.

மில்லிவாட்டைப் பற்றி இன்னொரு வார்த்தை. நூறு மில்லிவாட் ஆம்ப்ளிஃபையரைக் காட்டிலும் இருநூறு மில்லிவாட் உள்ளது இரண்டு மடங்கு உரக்க ஒலிக்கும் என்று எண்ணிப் பணத்தையும் இரண்டு மடங்காகக் கொடுக்கிறவர்கள் பலர். வாட் இரட்டித்தால் கூடுவது மூன்றே டெசிபல். காதுக்கு ஒலி இரட்டித்தாற்போலத் தோன்றுவதற்குப் பத்து டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு சக்தி வேண்டும். இந்த ஒரு கணக்கு தெரிந்தவரிடம் எந்த விற்பனைக்காரரும் வெகுநேரம் பேசமாட்டார்.

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். கையில் எடுத்துச் செல்லத்தக்கது என்பதாலேயே, இந்த ஆம்ப்ளிஃபையர்கள் பிரயாணத்துக்கு உரியவை என்று பொதுவாக நினைக்கிறார்கள். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூருக்கோ, பூதலூர் ஸ்டேஷனுக்கோ போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் ஒரு ரஸிகரை நினைத்துப் பாருங்கள். இஞ்சினின் உறுமல், ஜன்னல் கண்ணாடிகளின் நடுக்கம், டிரைவரின் விருப்பப்படி ஒலிக்கும் சினிமாப் பாட்டு, கண்டக்டரின் விசில் ஆகிய இத்தனைக்கும் நடுவே, காதுத் துவாரத்தை அடைத்து உட்காரும் சிறிய இயர்போனைத் தவிர வேறெதுவும் உதவாது. அத்தகைய இயர்போன்களோ மிகுந்த உணர்திறன் உடையவை; கைபேசி கொடுப்பதே அவற்றுக்கு ஏராளம். வெளிச் சப்தத்தை எதிர் அலையால் அடக்கும் ப்ளூடூத் ஹெட்போனுக்கு அதன் வயிற்றுக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. வெளியிலிருந்து ஒன்றைச் சேர்ப்பதில் அர்த்தமில்லை. மாறாக, ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்று வாய் திறந்து கேட்கிற எச்டி 650, சுந்தரா முதலியவை முதுகு திறந்தவை. உள்ளே ஒலிப்பது வெளியே கேட்கும், வெளியே நடப்பது உள்ளே கேட்கும். அவற்றை மாட்டிக்கொண்டு எந்த விவேகியும் பஸ் ஏறமாட்டார். இப்படியாக, வெளியே எடுத்துப் போகும் ஹெட்போனுக்கு ஆம்ப்ளிஃபையர் வேண்டாம். ஆம்ப்ளிஃபையர் வேண்டிய ஹெட்போனை வெளியே எடுத்துப் போவதில்லை. ஆனால் வீட்டுக்குள்ளேயும் இடம்விட்டு இடம் போகிற மனிதர்கள் நாம். கூடத்து வெக்கையிலிருந்து திண்ணைக்கு, திண்ணையிலிருந்து மொட்டைமாடிக்கு, மின்சாரம் நின்றுபோன இரவில் காற்று வருகிற மூலைக்கு என்று நகருகிறவருக்கு, சுவரில் கட்டுண்டு கிடக்கும் மேஜைக் கருவியைவிட, பாட்டரியில் இயங்கும் இந்தச் சிறு பெட்டி எத்தனையோ ஸௌகரியம்.

அப்படித் திண்ணையில் உட்கார்ந்தவருக்கும் அது அவசியந்தானா என்றால், அவர் கேட்பது என்ன என்று விசாரிக்க வேண்டும். புதிய சினிமாப் பாடல்கள் ஒலிப்பதிவின்போதே உச்சியில் நிறுத்தப்பட்டவை. 1 வோல்ட் கொடுக்கும் ஆப்பிளின் சிறு இணைப்பு வடமே எச்டி 650இல் அவற்றைக் காது புளிக்கும்படி ஒலிக்கச் செய்யும். (அதே வடம் சில ஆண்ட்ராய்டு கைபேசிகளில் முழு ஒலியைத் தருவதில்லை, ஐரோப்பாவில் விற்பதோ இதில் பாதி வோல்ட்தான் தருகிறது.) ஆனால் கர்நாடக சங்கீத ரஸிகர்களின் பொக்கிஷம் என்பது பெரும்பாலும் ஸ்பூல் நாடாவிலும் காஸெட்டிலும் பதிந்து கிடந்து, பிற்காலத்தில் யாரோ அபிமானிகள் கணினியில் ஏற்றிய சபைக் கச்சேரிகள் அல்லவா? அவற்றில் பல, உச்சத்துக்கு வெகு கீழே, பத்துப் பதினைந்து டெசிபல் தணிந்த நிலையில் பதிவாகியிருக்கின்றன. வித்வான் கீழ் ஸ்தாயியில் ஆலாபனையை மெல்லத் தொடங்கும்போது, கைபேசியின் ஒலியைக் கடைசிவரை ஏற்றியும் போதாமல் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். சற்று நேரத்தில் மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்தில் ஓங்கி ஓர் அடி அடிக்கும்போதோ, ஏற்கெனவே எல்லையில் நிற்கும் வலுவற்ற கருவி அந்த அடியின் தலையைச் சீவிவிடவும் கூடும். இந்த இடத்தில்தான் நல்ல ஆம்ப்ளிஃபையர் தன் யோக்கியதையைக் காட்டுகிறது. இரைச்சலையும் அது சேர்த்தே பெருக்கும் என்பதையும், 78 சுழற்சி இசைத்தட்டில் பதியாத தம்பூராவை எந்தப் பெட்டியாலும் வரவழைக்க முடியாது என்பதையும் ஒத்துக்கொண்டேதான் இதைச் சொல்லுகிறேன்.

சோதித்துப் பார்க்கச் சிறந்தது நாதஸ்வரக் கச்சேரிப் பதிவு. தவில்காரர் ஒரு கையில் பூவரசங் கழியும், மறு கை விரல்களில் கூடுமாக எழுப்பும் அடி, கண் இமைக்கும் நேரத்தில் எழுந்து அடங்கிவிடும். சராசரி ஒலிக்கு மேலே 15 டெசிபலுக்கும் அதிகமாகத் தாவும். வலுவில்லாத ஆம்ப்ளிஃபையரில் அது அட்டையைத் தட்டினாற்போல மழுங்கிப்போகும். அமைதியான பியானோவை வைத்துச் சோதிக்கச் சொல்லும் மேனாட்டு நிபுணர்களுக்கு நம் தவிலை ஒருமுறை அனுப்பி வைக்கலாம் என்று எனக்கு ஆசை.

வாங்குவதென்று தீர்மானித்த பின் பார்க்கவேண்டியவை சில. ஆம்ப்ளிஃபையருக்கே சொந்தமாக ஓர் ஓம் கணக்கு உண்டு. அது ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மிஞ்சாமல் இருப்பது நல்லது. பல ஒலிப்பான்களை உள்ளே வைத்துச் செய்த இயர்போன்களில் இம்பீடன்ஸ் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும். ஓரிடத்தில் 8 ஓமும் வேறோரிடத்தில் 40 ஓமும் காட்டுகிற ஒன்றை, 10 ஓம் உடைய ஆம்ப்ளிஃபையரில் சொருகினால், அந்த இரண்டு இடங்களுக்குமிடையே ஐந்து டெசிபல் ஏற்றத்தாழ்வு புதிதாக முளைத்துவிடும். வயலின் முன்னுக்கு வந்து பாடகர் பின்னுக்குப் போனாலும் ஆச்சரியமில்லை. 1 ஓம் ஆம்ப்ளிஃபையரில் அந்தப் பேதம் ஒரு டெசிபலுக்கும் குறைவு. இதை எண்ணிப் பாராமல், தங்கமுலாம் பூசிய சொருகியைக் கண்டு மயங்குகிறார்கள். 4.4 மில்லிமீட்டர் சொருகியும் அப்படித்தான்: அது கூடுதல் வோல்ட் கொடுக்கும் என்பது உண்மை, அந்த வோல்ட் வேண்டாதவருக்கு அது கூடுதல் வடச் செலவு.

நம் ஊருக்கே உரிய சங்கடம் ஒன்றிருக்கிறது. எர்த் இல்லாத இரண்டு முனைச் சார்ஜரில் மாட்டியபடியே கேட்டால், பல ஆம்ப்ளிஃபையர்களில் உம்மென்று ஒரு கார்வை இழைந்து வரும். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் சுருதி அது, எந்த ராகத்துக்கும் சேராது. சார்ஜரைப் பிடுங்கியதும் அது நின்றுவிட்டால் கருவியின் மேல் குற்றமில்லை. ஆகவே ஒரு சாயங்காலக் கச்சேரியை முழுதும் தாங்கும் பாட்டரி உள்ளதா என்று பார்ப்பது விளம்பரத்திலுள்ள மற்ற எல்லா விசேஷங்களையும்விட முக்கியம். லித்தியம் பாட்டரிக்கு வெப்பம் சத்துரு. சித்திரை வெயிலில் ஜன்னலோரத்தில் விடப்பட்ட கருவி அற்பாயுசாகும். பாட்டரியை மாற்றித் தருவார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலோர் விழிப்பார்கள். பாட்டரியே இல்லாமல் கைபேசியின் மின்சாரத்தை உறிஞ்சும் சிறு வடங்களுக்கு இந்தக் கவலை இல்லை, கைபேசிக்குத்தான் கவலை.

காதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது. 90 டெசிபலில் அது 4 மணி நேரமாகச் சுருங்குகிறது. வலுவான ஆம்ப்ளிஃபையர் திரிபு இல்லாமல் ஒலிப்பதால், எவ்வளவு உரக்கக் கேட்கிறோம் என்பதே தெரியாமல் போகிறது. மலிவான கருவி கரகரவென்று கதறியாவது நம்மை எச்சரிக்கும். ஆகையால் பெருக்கும் மடங்கை மாற்றும் கெயின் என்ற பொத்தானைத் தாழ்ந்த நிலையில் வைத்து, ஒலியளவுக் குமிழைப் பூஜ்யத்திலிருந்து திருப்பத் தொடங்குவது நல்லது. குமிழின் தொடக்கத்தில் இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒலி சமமாக வராத கருவிகள் உண்டு. அதையும் அப்போதே கவனித்துவிடலாம்.

கூரியர் வந்து சேர்ந்ததும், திருப்பியனுப்பும் கெடு முடிவதற்குள், தெரிந்த ஒரு கச்சேரியைக் கைபேசியில் நேரே சொருகியும் ஆம்ப்ளிஃபையர் வழியாகவும், ஒலியளவை இரண்டிலும் சமமாக வைத்து, மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒரு டெசிபல் உரக்க ஒலிப்பதே காதுக்குத் தரமானதாகத் தோன்றும் என்பதால், சமமாக வைப்பதில் அலட்சியம் கூடாது. பேதம் தெரியவில்லையானால் கூச்சப்படாமல் திருப்பியனுப்பிவிட்டு, அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு ஹெட்போனுக்குப் புதிய காது மெத்தைகள் வாங்கிப் போடலாம். நம் புழுக்கத்தில் வியர்வை ஊறி நைந்த மெத்தைகள் கீழ் ஸ்தாயி ஒலியைக் கசியவிடுகின்றன, அதை ஈடுசெய்யும் ஆம்ப்ளிஃபையர் எந்தக் கடையிலும் விற்பதில்லை.