மறுகறவையில் பிறந்த மணம்

பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவாயில், தோன் பள்ளத்தாக்கில் தோன்றிய ரெப்லோஷோன் என்னும் மென்மையான பாலாடைக்கட்டியின் பெயருக்குள் ஒரு குத்தகை வழக்கு அடங்கியிருக்கிறது. மேய்ச்சல் நிலத்தின் குத்தகை பாலின் அளவைக் கொண்டு கணக்கிடப்பட்ட இடைக்காலத்தில், அளப்பவர் முன்னிலையில் மடியை ஒட்டக் கறக்காமல் விட்டு, அவர் சென்றபின் குடியானவர்கள் மீண்டும் கறந்தனர் என்பது மரபுச் செய்தி. மறுபடி கறத்தலைக் குறித்த வட்டாரச் சொல்லே பாலாடைக்கட்டிக்குப் பெயராயிற்று. நிலவுடைமைக்குரிய மேல்வாரம், உழுதவனுக்குரிய குடிவாரம் என்று விளைச்சலைப் பங்கிட்ட காஞ்சிபுரச் சீமைக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும்.

கறவையின் கடைசியில் இறங்கும் பாலில் கொழுப்பு மிகுதி. பாலைக் காய்ச்சாமலே, ரென்னட் என்னும் நொதியிட்டு உறையவைத்து, நீர் வடித்து, ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள தட்டையான வட்டுகளாக அழுத்தி, ஈரமான குளிர் நிலவறையில் சில வாரங்கள் முதிரவிடுகின்றனர். மேற்பரப்பை அவ்வப்போது கழுவித் திருப்பி வைப்பதால், பிரெவிபாக்டீரியம் போன்ற நுண்ணுயிரிகள் அங்கே பெருகித் தோலுக்கு மஞ்சட்செம்மை நிறத்தைத் தருகின்றன. இவை புரதத்தைச் சிதைக்கையில் வெளிப்படும் கந்தகச் சேர்மங்களே மூக்கைச் சுளிக்கவைக்கும் மணத்திற்குக் காரணம். இவ்வினத்து நுண்ணுயிரிகள் மனிதப் பாதத்திலும் வாழ்வதால், கழற்றிய காலுறையின் நினைவு எழுவது இயல்பே. ஆயினும் உள்ளே இருக்கும் தந்தநிறச் சதைப்பகுதி வெண்ணெய்போல் குழைந்து, கொட்டைப் பருப்பின் மென்சுவையோடு இருக்கும். 1958இல் பிரெஞ்சு அரசு இதற்குத் தோற்றப் பெயர்க் காப்பு வழங்கியது.

இம்மரபின் சாயல் சோழமண்டலக் கரைக்கும் வந்துள்ளது. 1968இல் நிறுவப்பட்ட ஆரோவில்லில் இயங்கும் லா ஃபெர்ம் பாலாடைக்கட்டிக் கூடம், ரெப்லோஷோனைத் தழுவிய வகைக்கு ஊர்ப்பெயரையும் இணைத்து ஆரோபுளோஷோன் எனப் பெயரிட்டது. சவாயில் மலைக்குளிர் செய்யும் வேலையை இங்குக் குளிரூட்டப்பட்ட அறையே செய்யவேண்டியிருக்கிறது.

வெப்பத்தையே துணையாகக் கொண்ட நொதிப்பு காஞ்சிபுரத்திற்கு உரியது. வரதராசப் பெருமாள் கோயிலில் படைக்கப்படும் குடலை இட்லிக்கு, அரிசியும் உளுந்தும் அரைத்த மாவு ஓரிரவில் பொங்கிப் புளித்துவிடுகிறது. மிளகு, சீரகம், சுக்கு சேர்ந்த அம்மாவு, மந்தாரை இலை வேய்ந்த மூங்கில் குடலையில் ஆவியில் வேகிறது. நொதிப்பை எந்த அளவில் நிறுத்துவது என்பதே இரண்டு கைப்பக்குவங்களுக்கும் உயிர்நாடி: காஞ்சியில் மறுநாள் காலையே அது முடிவாகிவிடும், சவாயிலோ அதற்கு வாரக்கணக்கில் வட்டைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.