கதிர்வீச்சுக்கு முன் எந்தப் பல்லை எடுப்பது, எதைக் காப்பது?

வாய், நாக்கு, தொண்டை ஆகிய இடங்களில் புற்றுநோய் கண்டு கதிர்வீச்சு சிகிச்சைக்கு ஆயத்தமாகும் நோயாளிகளை முதலில் பல் மருத்துவரிடம் அனுப்புகிறோம். "பல்லுக்கு இப்போது என்ன அவசரம்? வலித்தால் பிறகு எடுத்துக்கொள்ளலாமே" என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. பிறகு எடுப்பதில்தான் ஆபத்து உள்ளது.

பொதுவாக நாளொன்றுக்கு 2 கிரே வீதம், வாரத்தில் 5 நாட்கள், 6 முதல் 7 வாரங்களில் மொத்தம் 60 முதல் 70 கிரே வரை கதிர்வீச்சு அளிக்கப்படுகிறது. அது புற்றணுக்களை அழிக்கையில் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் தாடை எலும்பின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் பாதிக்கிறது. உமிழ்நீர் குறைவதால் பற்கள் விரைந்து சொத்தையாகின்றன. இரத்த ஓட்டம் குன்றிய எலும்போ காயத்தை ஆற்றும் திறனை இழக்கிறது. அந்நிலையில் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பு வெளியே தெரியலாம். சிலருக்குத் தாடையின் ஒரு பகுதியையே அகற்ற நேரிடும். 50 கிரேக்கு மேல் பெற்ற கீழ்த்தாடையில் இவ்வாபத்து மிகுதி. ஆண்டுகள் பல கடந்தாலும் அது நீங்குவதில்லை.

அதற்காக எல்லாப் பற்களையும் எடுத்துவிட வேண்டியதில்லை. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்வழக்கம் பரவலாக இருந்தது. இன்று தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே எடுத்து, ஒவ்வொரு பல்லையும் தனித்தனியே ஆராய்ந்து முடிவு செய்கிறோம்.

வேர்வரை சொத்தையான பல், வேர்நுனியில் சீழ் கட்டிய பல், ஈறு நோயால் ஆடும் பல், பாதி முளைத்து அடிக்கடி வீங்கும் ஞானப்பல் ஆகியவை மிகுந்த கதிர்வீச்சு பெறும் பகுதியில் இருந்தால் எடுப்பதே நன்று. சிறு சொத்தையை அடைத்துக் காக்கலாம். கதிர் படாத பகுதியிலுள்ள பல்லுக்கு அவசரமில்லை. நோயாளி புகையிலையை விட்டுவிட்டாரா, நாள்தோறும் பல் துலக்குவாரா, சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வர இயலுமா என்பவற்றையும் கருதுகிறோம். தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து அடிக்கடி வர இயலாதவர் அதைத் தயங்காமல் கூறுங்கள். ஐயத்திற்குரிய பல்லைப் பற்றிய முடிவு அதனால் மாறக்கூடும்.

எடுத்த இடம் ஆறக் குறைந்தது 2 வாரங்கள் தேவை. ஆயினும் பல்லுக்காகப் புற்றுநோய் சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது. அறுவை சிகிச்சைக்குப் பின் கதிர்வீச்சு தேவைப்படுவோருக்கு அதை ஏறத்தாழ 6 வாரங்களுக்குள் தொடங்குவது நலம். எனவே அறுவையின்போதே, அதே மயக்க மருந்தில், பற்களையும் எடுத்துவிட இயலுமா என்று கேளுங்கள். பழனிப் பகுதியிலிருந்து மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ கதிர்வீச்சுக்குச் செல்வோர், தேதி குறிக்கும்வரை காத்திராமல், சதைப் பரிசோதனை முடிவு வந்த வாரத்திலேயே பல் மருத்துவரைக் காணுங்கள். புற்று உள்ள இடத்தில் ஆடும் பல்லைப் புற்றுநோய் மருத்துவரைக் கேளாமல் எவரிடமும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

காத்த பற்களுக்கு வாழ்நாள் முழுவதும் கவனிப்பு தேவை. மென்மையான பிரஷ், மருத்துவர் பரிந்துரைக்கும் ஃபுளோரைடு, வாய் திறக்கும் பயிற்சி ஆகியவற்றைக் கைவிடாதீர்கள். புகையிலையும் பாக்கும் அறவே கூடாது. எந்தப் பக்கம், எவ்வளவு கதிர்வீச்சு பெற்றீர்கள் என்ற சிகிச்சைக் குறிப்பைப் பத்திரப்படுத்துங்கள். பல ஆண்டுகள் கழித்துப் பல்வலி என்று சென்றாலும், மருத்துவர் பல்லில் கைவைக்கும் முன் அதை அவரிடம் காட்டுங்கள்.