கிள்ளான் கடலுக்கு வரும் அலாஸ்கா விருந்தாளி

கடற்பறவை என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது எது? துறைமுகத்தில் வட்டமிடும் கருடன், சேற்றில் நிற்கும் கொக்கு. புலாவ் கெத்தாமுக்குப் படகேறி, நண்டு சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவர்கள் இவற்றை நிச்சயம் பார்த்திருப்பார்கள். ஆனால் இவை கரையை நம்பி வாழும் பறவைகள். உண்மையான கடற்பறவை என்பது வேறு. முட்டையிடவும் குஞ்சு வளர்க்கவும் மட்டுமே அது தரைக்கு வரும். மற்ற நாட்களில் உணவு, உறக்கம் எல்லாம் கடலோடுதான். அதைப் பார்க்க வேண்டுமானால் நாம்தான் கடலுக்குப் போக வேண்டும்.

போவது ஒன்றும் பெரிய காரியமில்லை. பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலுள்ள கேஎல் சென்ட்ரலில் கொமியூட்டர் ஏறினால் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கலாம். படகுத்துறை நடக்கும் தூரம்தான். ஆனால் பயணிகள் படகு தீவுகளுக்கு இடையிலேயே நின்றுவிடும். அதற்கு அப்பால் செல்ல ஒரு படகையே வாடகைக்கு எடுக்க வேண்டும். பத்துப் பேர் சேர்ந்தால் செலவு குறையும். கண்கள் கூடும் என்பது அதைவிடப் பெரிய லாபம். ஒருவர் வலப்பக்கம் பார்க்கும்போது இடப்பக்கம் பறவை போய்விடும் அல்லவா? அதனால் படகின் முன்முனையைப் பன்னிரண்டு மணியாக வைத்துக்கொள்வார்கள். "மூன்று மணி!" என்று ஒருவர் கத்தினால் அத்தனை பேரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். பறவை இரண்டு மூன்று விநாடிதான் தெரியும். பெரிய தொலைநோக்கி இங்கே உதவாது. படகு ஆடும்போது பத்து மடங்கு காட்டும் கருவி ஆட்டத்தையும் பத்து மடங்காக்கும். எட்டு மடங்கே போதும். மயக்க மாத்திரையைக் கிளம்பும் முன்பே விழுங்கிவிட வேண்டும். வாந்தி வந்த பிறகு விழுங்கிப் பயனில்லை.

சிலாங்கூர் கரைக்கு அப்பால் பெர்மாத்தாங் செடெப்பா என்றொரு மணல்திட்டு இருக்கிறது. செடெப்பா என்றால் ஒரு பாகம், அதாவது ஆறடி ஆழம். பெயரே கப்பலோட்டிகளுக்கு எச்சரிக்கை. ஆண்டுக்கு 80,000-க்கும் அதிகமான கப்பல்கள் செல்லும் மலாக்கா நீரிணை இது. இந்த நெரிசலில் பறவைக்கு என்ன வேலை என்றுதான் தோன்றும்.

செப்டம்பரில் வந்து பார்க்க வேண்டும். கைப்பிடி அளவே உள்ள கரும்பழுப்புப் பறவை ஒன்று அலைக்கு மேல் ஓர் அடி உயரத்தில் விரைந்து செல்லும். ஸ்வின்ஹோ பெட்ரல் என்பது அதன் பெயர். சீனாவில் பிரிட்டிஷ் தூதராக இருந்த இராபர்ட் ஸ்வின்ஹோ 1867-இல் அதை உலகுக்கு அறிவித்தார். கொரியா, ஜப்பான் தீவுகளில் வளைக்குள் குஞ்சு பொரித்துவிட்டு, நம் தென்கோடி வழியாக இந்தியப் பெருங்கடலுக்குப் போகிறது. அது அபூர்வ விருந்தாளி என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2010-ஐ ஒட்டிச் சிங்கப்பூர் நீரிணையில் சிலர் படகெடுத்து, ஒழுங்காக எண்ணத் தொடங்கிய பிறகுதான் அது ஆண்டுதோறும் வந்து போவது தெளிவானது. பறவை புதிதாக வரவில்லை, பார்க்கத்தான் ஆளில்லை.

அதைவிடக் கவலை தருவது அலூசியன் ஆலா. அலாஸ்காவிலும் ரஷ்யாவின் கிழக்குக் கரையிலும் கூடு கட்டும் இது, குளிர்காலத்தில் எங்கே மறைகிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 1990-களில் ஹாங்காங்கில் கண்ணில் பட்டது. பிறகு நம் வட்டாரக் கடல்களிலும். இதற்கிடையே அலாஸ்காவில், ஏற்கெனவே தெரிந்த கூட்டிடங்களில் 1960-லிருந்து 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டதாக 2015-இல் வெளியான ஆய்வு கூறியது. கூட்டிடத்தில் குறைந்ததா, வேறு இடம் மாறியதா, குளிர்காலக் கடலில் மடிகிறதா? அலாஸ்காவில் மட்டும் எண்ணினால் விடை கிடைக்காது. ஆண்டின் மறுபாதியை அது கழிக்கும் நம் பக்கத்திலும் எண்ண வேண்டும்.

எண்ணுவதும் எளிதல்ல. சாதாரண ஆலாவும் இதுவும் அண்ணன் தம்பி போலிருக்கும். இறக்கையின் அடியில், பின்விளிம்பின் உட்பகுதியில் ஒரு கரிய பட்டை ஓடும், அதுதான் அடையாளம். ஆகவே எல்லோரும் முதலில் படம் எடுத்துக்கொள்வார்கள். வாக்குவாதம் கரைக்கு வந்த பிறகு.

இந்த ஆலா தண்ணீரில் உட்காருவதை அவ்வளவாக விரும்புவதில்லை. மிதக்கும் மரக்கட்டை, தென்னை மட்டை மீது அமர்ந்து இளைப்பாறும். இன்று கட்டையைவிட நெகிழிப் பெட்டியும் நுரைப்பலகையும்தான் அதிகம் மிதக்கின்றன. அவற்றின் மேலும் அது உட்கார்ந்துகொள்கிறது. கூர்ந்து பார்ப்பவர்கள் பறவையைத் தேடி முதலில் குப்பையைத்தான் தேடுகிறார்கள்! வெட்கப்பட வேண்டிய செய்திதான்.

1940-இல் தோன்றிய மலேசிய இயற்கைச் சங்கம், 2000-ஆம் ஆண்டிலிருந்து போர்ட்டிக்சனுக்கு அருகே தஞ்சோங் துவானில் வலசை வரும் பருந்துகளுக்கு விழாவே நடத்தி வந்திருக்கிறது. பருந்து தலைக்கு மேலே வருகிறது; கரையில் நின்றே எண்ணலாம். ஆலாவுக்கு அப்படி ஒரு கரை கிடையாது. விடியற்காலையில் சுமத்ரா காற்று கிளம்பினால் படகே புறப்படாது. புகைமூட்டம் வந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. செப்டம்பரில் இரண்டுமே வரக்கூடும் என்பதால், நாள் குறிப்பவர்கள் ஒன்றுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது.