தை பிறந்தா அந்தமானுக்கு வழி பிறக்கும்

டிசம்பர் நெருங்கினாலே நம்ம இன்பாக்ஸ்ல ஒரே கேள்விதான்: "ப்ரோ, இயர் எண்டுக்கு ஏதாவது ஒரு தீவுக்குப் போகணும். கம்மி செலவுல எப்படிப் போறது?" நானும் ரெண்டு மாசமா இதே கேள்வியோட ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து வச்சுட்டு உக்காந்திருக்கேன். ஒரே வித்தியாசம், நான் கூட்டிட்டுப் போறது அப்பா அம்மாவை. இதுதான் அவங்களுக்கு முதல் டூர்.

பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணை வச்சிருக்கற வீட்டுக்கு லீவுன்னு ஒண்ணு கிடையாது. குஞ்சு விட்டா நாப்பது நாளைக்கு மேல யாராவது ஒருத்தர் ஷெட்டை விட்டு நகர முடியாது. கோழியை எடுத்ததுக்கு அப்புறம் எருவை அள்ளி, கழுவி, சுண்ணாம்பு அடிச்சு, அடுத்த குஞ்சு வர்றதுக்கு நடுவுல ஒரு ரெண்டு வாரம் கிடைக்கும். அந்தமான்னு பேச்சை எடுத்ததும் அப்பா சொன்னது இதுதான்: "பேட்ச் எடுத்து விட்டாத்தான் சாமி, அதுக்கு முன்னாடி எங்கயும் வர முடியாது."

எனக்கு முதல்ல கடுப்பாத்தான் இருந்துச்சு. ஆனா ஷீட்டைப் போடப் போடத்தான் புரிஞ்சுது, அப்பா சொன்ன வரிசைதான் சரி. நாம எல்லாரும் டிக்கெட் ஆஃபரைப் பாத்துட்டுத் தேதியை முடிவு பண்றோம். தீவுப் பயணத்துல தேதியைத்தான் முதல்ல முடிவு பண்ணணும். ஏன்னு சொல்றேன்.

முதல்ல, எந்தத் தீவு? மேப்பைப் பாத்தா நமக்குக் கிட்ட இருக்கறது லட்சத்தீவு. பாலக்காட்டுக் கணவாய் வழியா கொச்சிக்குப் போயிட்டா, அங்கிருந்து சுமார் 220 முதல் 440 கிலோமீட்டருக்குள்ள எல்லாத் தீவும் வந்துடும். கப்பல் இருக்கு, அகத்திக்கு விமானமும் இருக்கு. ஆனா இந்தியர்களுக்கே அங்க நுழைவு அனுமதி வேணும். பெரும்பாலும் கப்பல், சாப்பாடு, சுத்திக்காட்டறது எல்லாம் சேர்ந்த பேக்கேஜாத்தான் போக முடியும். பேக்கேஜ்ல "இந்தச் செலவைக் கொஞ்சம் குறைச்சுக்கறேன்"னு நாம கை வைக்க இடம் இல்ல. அந்தமான்ல ஸ்ரீ விஜயபுரம், ஹேவ்லாக் மாதிரி இடங்களுக்கு இந்தியர்களுக்கு அனுமதி தேவையில்ல. ரூம், சாப்பாடு, படகுன்னு ஒவ்வொண்ணையும் தனித்தனியா நாமளே தேர்ந்தெடுக்கலாம். பட்ஜெட் ஆளுங்களுக்கு அதுதான் வசதி.

ஒரு சின்ன விஷயம். தேடும்போது குழம்பாதீங்க. போர்ட் பிளேர்தான் 2024ல இருந்து ஸ்ரீ விஜயபுரம். ஹேவ்லாக் 2018ல சுவராஜ் தீவு ஆயிடுச்சு, நீல் தீவு ஷஹீத் தீவு ஆயிடுச்சு. புக்கிங் தளங்கள்ல பழைய பேரு, புதுப் பேரு ரெண்டுமே வரும்.

இப்போ தேதிக்கு வருவோம். அந்தமானுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. நவம்பர், டிசம்பர்ல வங்கக்கடல்ல காற்றழுத்தத் தாழ்வு உருவானா, பல சமயம் அந்தமான் கடல் பக்கம்தான் அது ஆரம்பிக்குது. 2016 டிசம்பர் ஞாபகம் இருக்கா? சென்னையைப் புரட்டிப் போட்ட வர்தா புயல் 12ஆம் தேதி கரையைக் கடந்துச்சு. அதுக்குச் சில நாள் முன்னாடி அதே புயல் சின்னம் அந்தமான் பக்கம் இருந்தப்போ, ஹேவ்லாக், நீல் தீவுகள்ல ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கிட்டாங்க. படகுப் போக்குவரத்து நின்னுபோய், கடற்படைக் கப்பல்கள் வந்துதான் அவங்களை மீட்டுச்சு.

எல்லா டிசம்பரும் அப்படி இருக்காது. ஆனா மழைக்கு வாய்ப்பு இருக்கற அதே நாட்கள்லதான் அரையாண்டு லீவு, கிறிஸ்துமஸ், புத்தாண்டுன்னு கூட்டமும் சேருது. விலை உச்சத்துல இருக்கறப்போ ரிஸ்க்கும் கூடுது. பொங்கல் முடிஞ்சு ஸ்கூல் திறந்துட்டா கூட்டம் கலையுது, மழைக்காலமும் முடிஞ்சுடுது, கடல் அடங்குது. ஜனவரி 26ஐ ஒட்டி வர்ற லீவையும் தவிர்க்கலாம்னா, கிட்டத்தட்ட ஜனவரி 18ல இருந்து 24 வரைக்கும் ஒரு நல்ல இடைவெளி. எங்க பேட்ச் கணக்கும் அங்கதான் வந்து நிக்குது. மாட்டுப் பொங்கலும் வீட்லயே முடிஞ்சிருக்கும், தைப்பூசத்துக்கு முன்னாடி திரும்பிடணும்னு அம்மா போட்ட கண்டிஷனுக்கும் சரியா இருக்கும்.

சரி, எப்படிப் போறது? சென்னையில இருந்து கப்பல் உண்டு. கடல் வழி சுமார் 1,200 கிலோமீட்டர், ஒரு பக்கத்துக்கே ஏறக்குறைய மூணு நாள். பங்க் டிக்கெட் மலிவுதான், ஆனா மாசத்துக்குச் சில சர்வீஸ்தான். போக வர ஆறு நாள் கடல்லயே போயிடும். லீவு நாளுக்கும் ஒரு விலை இருக்குல்ல? காலேஜ் முடிச்சுட்டு வேலைக்குச் சேரக் காத்திருக்கறவங்களுக்கு இது ஓகே. எனக்கு விமானம்தான். சென்னையில இருந்து ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல.

பல்லடத்துல ரயில்வே ஸ்டேஷன் இல்ல. திருப்பூர் போய் நீலகிரி எக்ஸ்பிரஸோ சேரன் எக்ஸ்பிரஸோ பிடிச்சா காலையில சென்னை சென்ட்ரல். அங்கிருந்து ஏர்போர்ட்டுக்கு மெட்ரோ. ரயில் முன்பதிவு இப்போ 120 நாள் இல்ல, 60 நாள்தான். அதனால முதல்ல ஃப்ளைட், அப்புறம் ரயில். அதே நாள் காலை ஃப்ளைட்டை மட்டும் போடாதீங்க. ரயில் லேட்டானா ஃப்ளைட் கம்பெனி பொறுப்பில்ல, ரெண்டும் தனித்தனி டிக்கெட். நான் ஒரு நாள் முன்னாடியே கிளம்பி சித்தி வீட்ல தங்கற மாதிரி போட்டிருக்கேன்.

அடுத்து, பலரும் கவனிக்காத ஒண்ணு: சூரியன். அந்தமான் நமக்கு ரொம்பக் கிழக்க இருக்கு, ஆனா கடிகாரம் ஒண்ணுதான். பல்லடம் சுமார் 77.3 டிகிரி தீர்க்கரேகை, ஸ்ரீ விஜயபுரம் 92.7. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம்னா, அங்க ஒரு மணி நேரம் முன்னாடியே பொழுது சாயும். குளிர்காலத்துல அஞ்சு, அஞ்சேகாலுக்கே சூரியன் மறைஞ்சுடும். மத்தியானம் போய் இறங்கற மலிவான ஃப்ளைட்டை எடுத்தீங்கன்னா, ஒரு ராத்திரி ரூம் காசு கொடுத்துட்டு ஒண்ணும் பாக்காம தூங்கறீங்கன்னு அர்த்தம். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் காலை ஃப்ளைட்தான் லாபம். அங்க காலையில ஆறு மணிக்கே வெளியில இருக்கணும்.

ரூட்: முதல் ராத்திரி ஸ்ரீ விஜயபுரம், அடுத்த ரெண்டு ஹேவ்லாக், கடைசி ரெண்டும் மறுபடி ஸ்ரீ விஜயபுரம். கடைசி ராத்திரியைச் சின்னத் தீவுல வைக்கவே கூடாது. காத்து பலமா அடிச்சு படகு ரத்தானா, ஃப்ளைட்டும் போச்சு. படகுல அரசுப் படகு, தனியார் கப்பல்னு ரெண்டு இருக்கு. அரசுப் படகு மலிவு, கொஞ்சம் மெதுவா போகும், சீட் சீக்கிரம் முடிஞ்சுடும்.

என் ஷீட்டுல மூணு பேருக்கு, அஞ்சு ராத்திரிக்கு நான் போட்ட உச்சவரம்பு 85,000 ரூபாய். ஃப்ளைட் 36,000, ரயில், மெட்ரோ 6,000, ரூம் 12,500, படகு 8,000, சாப்பாடு 9,000, ஆட்டோ, பஸ், நுழைவுச்சீட்டு 6,000. மீதி 7,500 தொடவே கூடாத காசு, படகு ரத்தானா ஒரு நாள் கூடத் தங்கறதுக்கு. நீல் தீவை வெட்டினேன், ஸ்கூபாவை வெட்டினேன். இந்த 7,500ஐ மட்டும் வெட்டல.

காசில்லாம பாக்கறதுக்கே நிறைய இருக்கு. ராதாநகர் பீச் 2020ல புளூ ஃபிளாக் சான்று வாங்கினது, அங்க நடக்கக் காசு கேக்க மாட்டாங்க. 1906ல கட்டி முடிச்ச செல்லுலார் ஜெயில் நுழைவுச்சீட்டு சின்னத் தொகைதான். ஊருக்குள்ள தமிழ் பேசறவங்க நிறைய இருக்காங்க, வெற்றிமலை முருகன் கோயிலும் இருக்கு. அதைக் கேட்டதும்தான் அம்மா முகத்துல சிரிப்பே வந்துச்சு. ஒண்ணு மட்டும்: கரையில கிடக்குற பவளப்பாறைத் துண்டைப் பையில போட்டுக்காதீங்க. அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஆக, ஆஃபரைத் தேடறதுக்கு முன்னாடி வீட்ல ஒரு கேள்வி கேளுங்க: "எந்த ரெண்டு வாரம் உங்களால கிளம்ப முடியும்?" அதோட மழையையும் பள்ளி லீவையும் ஒரே காலண்டர்ல போட்டுப் பாருங்க. மூணும் ஒத்துப்போற தேதி கிடைச்சுட்டா பாதி பட்ஜெட் முடிஞ்ச மாதிரி.

நேத்து ராத்திரி ஃப்ளைட் டிக்கெட் போட்டாச்சு. அப்பா பி.என்.ஆர் நம்பரை ஷெட் சுவத்துல, தீவனக் கணக்குக்குப் பக்கத்துல, சாக்பீஸ்ல எழுதி வச்சிருக்காரு. போயிட்டு வந்து நிஜச் செலவோட ஒரு எபிசோட் போடறேன். பாக்கலாம் மக்களே!