வண்டி துடைக்கும் நுண்ணிழைத் துணி: விலை குறைந்ததா, விலை உயர்ந்ததா?

தசராவின்போது மகாநவமியன்று மைசூரில் ஆயுத பூஜை நடைபெறுகிறது. அரண்மனையின் படைக்கலங்கள் முதல் தெருவோர ஆட்டோ ரிக்‌ஷா வரை, தொழிலுக்கு உதவும் கருவிகள் அனைத்தும் தூய்மை செய்யப்பெற்றுச் சந்தனமும் மாலையும் பெறுகின்றன. முந்திய நாட்களில் அலுவலக ஜீப்புகளும் பள்ளிப் பேருந்துகளும் கழுவித் துடைக்கப்படுகின்றன. முன்னெல்லாம் இப்பணிக்குக் கிழிந்த வேட்டியும் பழைய பனியனுமே பயன்பட்டன. இன்று அவற்றின் இடத்தை மைக்ரோஃபைபர் எனப்படும் நுண்ணிழைத் துணி பெரும்பாலும் பற்றிக்கொண்டுள்ளது.

இத்துணி இரு வகையாக விற்பனைக்கு வருகிறது. கட்டாகக் கட்டி மலிவாகத் தரப்படுவது ஒன்று. தனித்தனியே உறையிட்டுப் பன்மடங்கு விலைக்கு விற்கப்படுவது மற்றொன்று. எதனை வாங்குவது என்னும் வினா சிறிதெனத் தோன்றினாலும் அதன் விளைவு சிறிதன்று. தவறான துணியால் விழும் கீறலைத் துணியை மாற்றிச் சரிசெய்ய இயலாது. தேவைக்கு மிஞ்சிய விலை கொடுத்தலோ அலுவலகத்தின் பணத்தை வீணாக்குவதாகும்.

கீறுவது எது?

வண்டியின் நிறப்பூச்சின்மேல் இக்காலத்தில் நிறமற்ற மேற்பூச்சு ஒன்று இடப்படுகிறது. இதன் கனம் சாதாரணமாக 35 முதல் 50 மைக்ரான் வரை. அதாவது தலைமயிரின் கனத்தினும் குறைவு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வண்டியின் பளபளப்பு முழுவதும் இம்மெல்லிய படலத்தைச் சார்ந்ததே.

மைசூர் வட்டாரத்தின் செம்மண் பெரும்பாலும் கிரானைட்டு, நைஸ் ஆகிய பாறைகள் சிதைந்து உண்டானது. சாமுண்டி மலையும் கிரானைட்டாலானதே. இப்பாறைகளிலுள்ள பெல்ஸ்பார் நாளடைவில் களிமண்ணாக மாறிவிடுகிறது. குவார்ட்சு மாறாமல் மணலாக எஞ்சுகிறது. மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்சின் எண் 7. சன்னற் கண்ணாடியின் எண் ஏறத்தாழ 5.5. கண்ணாடியையே கீறவல்ல துகளுக்கு முன் மென்மையான மேற்பூச்சு எம்மாத்திரம்?

ஆகவே, கீறுவது பெரும்பாலும் துணியன்று. துணிக்கும் பூச்சுக்கும் இடையே அகப்பட்ட தூசியே. காலையில் வண்டியின்மேல் படிந்த செம்புழுதியை உலர்ந்த துணியால் தட்டித் துடைக்கும் வழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. எத்துணை விலை உயர்ந்த துணியாயினும், இவ்வழக்கம் அதனை உப்புத்தாளாக மாற்றிவிடும்.

வெயிலில் இக்கீறல்கள் சிலந்திவலைபோல வட்டவட்டமாகத் தோன்றுவதைப் பலரும் கண்டிருக்கலாம். துடைத்தவர் கையை வட்டமாகச் சுழற்றியதே காரணம் என்று கருதுவது பொருந்தாது. கீறல்கள் எல்லாத் திசைகளிலும் விழுந்திருக்கின்றன. சூரியனின் பிம்பத்தைச் சுற்றி, ஒளியைக் கண்ணை நோக்கித் திருப்பும் நிலையில் அமைந்த கீறல்கள் மட்டுமே புலப்படுகின்றன. கண்ணின் இடம் மாறினால் வட்டமும் உடன் நகர்வதை ஆசிரியர்கள் மாணாக்கர்க்குக் காட்டலாம்.

இழையின் அமைப்பு

இழையின் நுண்மையை அளக்கும் டெனியர் என்னும் அலகு பட்டு வாணிகத்தில் தோன்றியது. பட்டுத்துறைக் களப்பணியாளர்க்கு நன்கு பழக்கமானது. 9,000 மீட்டர் நீளமுள்ள இழையின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். பட்டுப்புழு இரு மெல்லிழைகளை ஒருங்கே நூற்கிறது. அவற்றுள் ஒன்று ஏறக்குறைய ஒரு டெனியர் அளவினது. ஒரு டெனியரினும் நுண்ணியதையே நுண்ணிழை என்பர். ஜப்பானில் டோரே நிறுவனத்தின் விஞ்ஞானி மியோஷி ஒக்கமோட்டோ உருவாக்கிய மிக நுண்ணிய இழையைக் கொண்டு 1970-இல் செயற்கை மான்தோல் வெளிவந்தது. துடைக்கும் துணிகளில் இந்நுண்ணிழை பிற்காலத்தில் இடம் பெற்றது.

துடைக்கும் துணியில் வழக்கமாகப் பாலியெஸ்டரும் நைலான் போன்ற பாலியமைடும் சேர்ந்திருக்கும். 80 பங்குக்கு 20 பங்கு, 70 பங்குக்கு 30 பங்கு என உறையில் குறிக்கப்படுவது இக்கலப்பையே. இரண்டும் ஒரே இழையாக நூற்கப்பட்டுப் பின்னர் பிளக்கப்படுகின்றன. சாத்துக்குடியைக் குறுக்கே வெட்டினால் தோன்றும் சுளைகளைப்போல ஓர் இழை பல ஆப்புகளாகப் பிரிகிறது.

பிளப்பதனால் விளையும் பயனைக் கணக்கால் உணரலாம். ஓர் இழை ஒத்த பருமனுள்ள 16 உருளை இழைகளாகப் பிரிவதாகக் கொண்டால், ஒவ்வொன்றின் விட்டமும் நான்கில் ஒரு பங்காகும். மொத்த மேற்பரப்போ நான்கு மடங்காகும். ஆப்பு வடிவமாயின் மேற்பரப்பு இன்னும் மிகும். தூசி ஒட்டுதற்கும் நீர் பரவுதற்கும் அந்த மேற்பரப்பே இடம்.

பருத்தி தன் இழைக்குள்ளேயே நீரை ஏற்கிறது. பாலியெஸ்டர் அவ்வாறு ஏற்பது மிகச் சொற்பம். நுண்ணிழைத் துணியில் நீர் தங்குவது இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில். தந்துகிக் கவர்ச்சியே அதனை ஈர்த்து நிறுத்துகிறது. அவ்விடைவெளிகள் அடைபட்டால் துணியின் ஆற்றலும் குன்றும்.

விலை எங்கே வேறுபடுகிறது?

முதலாவது, இழை செவ்வனே பிளக்கப்பட்டதா என்பது. சில மலிவுத் துணிகளில் இழை நுண்ணியதாயினும் பிளக்கப்படாதது. அது நீரை உறிஞ்சாமல் தள்ளிக்கொண்டே செல்லும். இரண்டாவது, துணியின் அடர்த்தி. ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில் எத்தனை என்பதே ஜி.எஸ்.எம். என்னும் எண். 40 சென்டிமீட்டர் சதுரத் துண்டின் பரப்பு 0.16 சதுர மீட்டர். அதன் எடை 48 கிராமாயின் அடர்த்தி 300 ஆகும். உறையிலுள்ள எண் மெய்யா என்பதைத் தபால் தராசு ஒன்றைக் கொண்டே அறியலாம். மூன்றாவது, ஓரம். கடினமான நூலால் தைத்த ஓரமும் தைத்துச் சேர்த்த விலைச்சீட்டும் மேற்பூச்சைக் கீறக்கூடும். தையலின்றி வெட்டிய ஓரமும் மென்துணியால் பொதிந்த ஓரமும் பாதுகாப்பானவை. நான்காவது, சாயத்தின் உறுதி.

இந்நான்கும் அமையாத துணி விலை மிக்கதாயினும் உயர்ந்ததன்று. இவை அமைந்த துணி மலிவாகக் கிடைப்பின் அதனை விலக்க வேண்டுவதில்லை.

எவ்வேலைக்கு எத்துணி?

சக்கரம், மிதியடி, கதவின் உள்விளிம்பு, எஞ்சின் பகுதி ஆகியவற்றுக்கு மலிவான துணியே போதும். எண்ணெயும் பிரேக்குத் தூளும் படிந்தபின் அத்துணி வேறெதற்கும் உதவாது. அதற்கு உயர்ந்த விலை கொடுத்தல் வீண். கண்ணாடிக்குப் பஞ்சு நீட்டாத, தட்டையான நெசவுள்ள துணி ஏற்றது. உள்ளிருக்கைப் பகுதிக்கு 300 ஜி.எஸ்.எம். அளவுள்ள சாதாரணத் துணி பொருந்தும்.

வண்டியைக் கழுவியபின் நீரை ஒற்றி எடுப்பதற்கும், மெழுகிட்ட பின் இறுதியாகத் துடைப்பதற்கும் மட்டும் அடர்த்தி மிக்க உயர்வகைத் துணி வேண்டும். நீண்ட பஞ்சுள்ள துணியில், எஞ்சியிருக்கும் துகள் பூச்சின்மேல் அழுந்தாமல் உள்ளே அமிழ்ந்துவிடும். ஆழ்குழாய்க் கிணற்று நீர் பயன்படும் இடங்களில் இது மேலும் அவசியம். அந்நீரில் கால்சிய, மக்னீசிய உப்புகள் மிகுந்திருப்பின், வெயிலில் தானே உலரும் ஒவ்வொரு துளியும் ஒரு வெண்கறையை விட்டுச் செல்லும்.

சிக்கனத்தை வாங்கும் விலையால் மட்டும் கணித்தலாகாது. உதாரணமாக, 60 ரூபாய்த் துணி 30 முறை துவைத்தபின் கழியுமாயின் ஒருமுறைச் செலவு 2 ரூபாய். 240 ரூபாய்த் துணி 150 முறை நிலைக்குமாயின் அச்செலவு 1 ரூபாய் 60 காசு. ஆனால் அதே உயர்ந்த துணியைச் சக்கரத்துக்குப் பயன்படுத்தி ஒரே நாளில் கெடுத்தால் செலவு 240 ரூபாயே.

எளிய சோதனைகள்

மேசைமேல் சிறிது நீர் ஊற்றித் துணியை மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். நீரை உடனே பருகினால் இழை பிளக்கப்பட்டது; முன்னே தள்ளினால் பிளக்கப்படாதது அல்லது பசை நீங்காதது. காப்புக் காய்த்த உள்ளங்கையில் உலர்ந்த துணியைத் தடவினால், பிளந்த இழை சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு தடைப்படும்.

துணியை உலர்ந்த நிலையில் நிறுத்து, நனைத்து, சொட்டு நின்றபின் மறுபடி நிறுத்தால் அது தன் எடையில் எத்தனை மடங்கு நீரை ஏற்றது என்பது தெரியும். அதே அளவுள்ள பருத்தித் துண்டையும் சோதித்து, இரண்டையும் பிழிந்தபின் எஞ்சும் நீரை ஒப்பிடுதல் நல்ல வகுப்புப் பயிற்சியாகும்.

பயனற்ற குறுந்தகட்டின் பளபளப்பான பக்கத்தைத் துணியின் நடுப்பகுதியாலும் ஓரத்தாலும் விலைச்சீட்டாலும் தனித்தனியே தேய்த்து, விளக்கொளியில் சாய்த்து நோக்கினால் கீறும் பகுதி எதுவென விளங்கும். பின்பு துணியில் சிறிது செம்மண் தூவி மீண்டும் தேய்க்கச் செய்தால், முன் கூறிய உண்மை மாணாக்கர் மனத்தில் பதியும்.

பயன்படுத்தலும் காத்தலும்

முதலில் வண்டியின் புழுதியை நீர் ஊற்றி அகற்ற வேண்டும். சோப்பு நீருக்கு ஒரு வாளியும் துணியை அலச மற்றொரு வாளியும் வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாகக் கழுவுதல் முறை. துண்டை இருமுறை மடித்தால் எட்டு முகங்கள் கிடைக்கும். ஒன்று அழுக்கானதும் அடுத்ததைத் திருப்பிக்கொள்ளலாம். தரையில் விழுந்த துணியைத் துவைக்காமல் பூச்சின்மேல் வைத்தல் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறம் என வகுத்துக்கொண்டால், ஓட்டுநர் மாறினாலும் துணி மாறிப்போகாது.

புதிய துணியை முதலிலேயே ஒருமுறை துவைத்தல் நலம். பருத்தியோடு சேர்த்துத் துவைத்தால் பருத்திப் பஞ்சு நுண்ணிழையில் சிக்கிக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் திரவம் இழையின்மேல் படலமாகப் படிந்து நீர் உறிஞ்சுதலைக் கெடுக்கும். வெளுப்புத்தூள் நைலானை அரிக்கும். கொதிநீரும் இஸ்திரிப்பெட்டியும் இழைகளை உருக்குலைத்துக் கடினமாக்கும். வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புக் கரைசலிட்டு அலசி, நிழலில், புழுதி படாத இடத்தில் உலர்த்துவதே போதும்.

நீர்நிலைகளுக்கு வரும் கேடு

நுண்ணிழைத் துணி எவ்வகையாயினும் பிளாஸ்டிக்கே. துவைக்கும்போது அதிலிருந்து கண்ணுக்குப் புலனாகாத இழைத்தூள் உதிர்கிறது. கடலை அடையும் முதல்நிலை நுண்பிளாஸ்டிக்கில் ஏறத்தாழ 35 விழுக்காடு செயற்கைத் துணிகளைத் துவைப்பதனால் வருவது என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. எனவே, குக்கரஹள்ளி, காரஞ்சி போன்ற ஏரிகளின் கரையிலோ காவிரித் துறையிலோ வண்டியைக் கழுவுவதும் இத்துணியை அலசுவதும் தகா. கழுவிய நீர் கழிவுநீர்ச் சாலக வழியே சுத்திகரிப்பு நிலையத்தைச் சேருமாறு செய்தல் வேண்டும். சில துணிகளை நெடுநாள் பேணுவது, பல துணிகளை அடிக்கடி வாங்கி எறிவதினும் இவ்வகையிலும் மேலானது.

ஓர் அலுவலக வண்டிக்கு உயர்வகைத் துணி இரண்டும், சாதாரணத் துணி ஆறும் இருந்தால் போதுமானது. உயர்ந்தவை இரண்டையும் மூடியுள்ள பெட்டியில் தனியே வைத்து, பூச்சின்மேல் மட்டும் பயன்படுத்த வேண்டும். அவற்றின் பஞ்சு தளர்ந்ததும் உள்ளிருக்கைக்கும், பின்னர் சக்கரத்துக்கும் இறக்கிவிடலாம். சக்கரத்துக்கு இறங்கிய துணி மீண்டும் மேலேறுதல் மட்டும் கூடாது.