கல்லும் நினைவும்: புத்தளக் கரையோரத்தின் கட்டடச் செல்வம்

ஓர் ஊரின் பழங்கட்டடங்கள் இடிந்து வீழ்ந்தால் அவ்வூரின் நினைவும் உடன் அழிந்துவிடும் என்பது பலரும் கொண்டுள்ள கருத்து. கட்டடம் நிலைத்து நின்றால் நினைவும் நிலைத்து நிற்கும் என்பது அதன் மறுபக்கம். இவ்விரண்டும் முழுதும் உண்மையாகா என்பதனை, இலங்கையின் மேற்குக் கரையிலே சிலாபம் முதற் கற்பிட்டி முனை வரை நீண்டு கிடக்கும் புத்தள மாவட்டத்துக் கடற்கரை நன்கு விளக்குகின்றது. அங்கே கோயில் தகர்க்கப்பட்டும் நினைவு தப்பிப் பிழைத்ததுண்டு. கோட்டை குலையாது நின்றும் அதனைத் தமதென்று சொல்வார் இல்லாது போனதுண்டு.

இக்கரையின் பழம் பட்டினத் தோற்றத்தை எழுதிவைத்தோருள் ஒருவர் மொரொக்கோ நாட்டு யாத்திரிகராகிய இபின் பதூதா. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அவர், ஆரியச் சக்கரவர்த்தியைத் தாம் கண்ட இடம் மரமதிலும் மரக்கொத்தளங்களும் சூழ்ந்த அழகிய சிறு பட்டினம் என்று குறிக்கின்றார். அவர் கூறும் ‘பத்தாலா’ புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. அம்மரமதில் இன்று இல்லை. மரம் மக்கி மண்ணானது. ஒரு வழிப்போக்கரின் எழுத்தே அப்பட்டினத்தை இன்றைக்கும் காட்டி நிற்கின்றது. அழியக்கூடிய பொருளாற் கட்டியதை அழியாத எழுத்துக் காத்தது என்பது ஈண்டு முதற்கண் கருதத்தக்கது.

இனி, முன்னேசுவரத்தை நோக்குக. சிலாபத்தை அடுத்துள்ள இத்திருத்தலத்தில் முன்னைநாதரும் வடிவாம்பிகையும் எழுந்தருளியுள்ளனர். 15ஆம் நூற்றாண்டிலே கோட்டையிலிருந்து அரசாண்ட ஆறாம் பராக்கிரமபாகு இக்கோயிலுக்கு ஆதரவளித்தமையைக் கல்வெட்டு உணர்த்துகின்றது. 1578ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். கண்டியரசன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் அதனைப் புதுப்பித்தது 1753ஆம் ஆண்டில். இடைப்பட்ட காலம் 175 ஆண்டுகள். ஏறக்குறைய ஏழு தலைமுறை. இடித்ததைக் கண்ணாற் கண்டவர் எவரும் 1753இல் உயிரோடிருந்திருக்க முடியாது. எனினும், ‘இங்கே ஈசன் கோயில் இருந்தது’ என்னும் அறிவு குடிவழியாக இறங்கி வந்தது. அவ்வறிவு இல்லையாயின் மன்னனின் கொடைக்கு இலக்காக இடமேது? இன்று நிற்கும் கட்டடத்தின் பெரும்பகுதி பிற்காலத் திருப்பணிகளால் அமைந்தது. ஆயினும் அதனைப் புதுக்கோயில் என்று எவரும் கூறுவதில்லை. ஆவணி விழாவிலே தமிழரும் சிங்களரும் ஒருங்கே வந்து வழிபடும் வழக்கமே, கல் மாறினும் கோயில் மாறாதிருத்தற்குக் காரணமாம்.

கற்பிட்டிக் கோட்டையின் வரலாறு இதற்கு மாறானது. போர்த்துக்கேயர் நிலைகொண்டிருந்த அவ்விடத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1667ஆம் ஆண்டில் கோட்டை கட்டத் தொடங்கி 1676ஆம் ஆண்டில் முடித்தனர். புத்தளக் களப்பின் வாயிலைக் காத்துக் கண்டியரசின் கடல்வாணிகத்தைத் தடுத்தலே அவர்தம் நோக்கம். கடலோரத்தில் எளிதிற் கிடைத்த பவளக்கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு தடித்த மதில்களை எழுப்பினர். வாயில் மட்டும் செங்கல்லால், மணிக்கூண்டோடு, தேவாலயத்தின் முகப்புப்போல அமைந்துள்ளது. தாம் கட்டுவது வழிபாட்டிடமே என்று ஒல்லாந்தர் அரசனை நம்பச் செய்தனர் என்றும், அதனாலேயே வாயில் அவ்வுருப் பெற்றதென்றும் ஒரு செய்தி வழங்கிவருகின்றது. 1795இல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. இப்போது கடற்படையின் பொறுப்பில் உள்ளது. மூன்றரை நூற்றாண்டாகியும் மதில்கள் நிற்கின்றன. ஆனால் ஊர்க்குடிகள் கூடி விழா எடுத்த இடமன்று அது. மணம் முடித்த இடமுமன்று. வாயிலைப் பற்றிய அந்த ஒரு கதையே மக்கள் வாயிற் பயில்கின்றது. தம்மை ஏமாற்றியதாகக் கருதிய பகுதியை மட்டும் மக்கள் நினைவிற் கொண்டனர் போலும்!

இவ்விரு நிலைகளுக்கும் இடையே உடப்புக் கிராமத்தை வைத்து எண்ணலாம். இராமநாதபுரக் கரையிலிருந்து தம் முன்னோர் வந்தனர் என்னும் மரபுடைய மீனவர் ஊர் அது. அங்குள்ள திரௌபதியம்மன் கோயிலின் ஆடி விழாவிலே பாண்டவர் கதை நிகழ்ச்சி நிகழ்ச்சியாக நடத்தப்பெற்றுத் தீமிதிப்போடு நிறைவெய்தும். சிலாபக் கரையோர ஊர்கள் பலவற்றில் முன்னாளில் தமிழ் பேசிய குடிகள் சென்ற நூற்றாண்டிற் சிங்களம் பேசுவோராயினர். ஊர்ப்பெயர்களிலே மட்டும் தமிழ் எஞ்சியது. உடப்பிலோ மொழி நிலைத்தது. ஆண்டுதோறும் ஊரையே ஒன்றுகூட்டும் கோயிலும் விழாவும் அதற்குப் பெருந்துணையாயின எனல் மிகையாகாது.

நினைவுடையோர் நீங்கியபின் கட்டடம் என்னாகும் என்பதற்குக் கீழை ஆபிரிக்காவின் சான்சிபார் சான்றாகும். அதன் பழம்பட்டினமும் பவளக்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுந்ததே. 1964ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் மாளிகைகளின் உரிமையாளர் பலர் நாட்டை விட்டகன்றனர், புதியோர் குடியேறினர், பேணுவாரின்றிச் சுவர்கள் சிதைந்தன. 2000ஆம் ஆண்டில் அப்பட்டினம் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. அதன் பின்னரும், 1883இல் எழுந்த ‘வியப்பு மாளிகை’யின் ஒரு பகுதி 2020ஆம் ஆண்டு திசம்பரில் இடிந்து வீழ்ந்தது. பட்டியலிற் பெயர் ஏறுவது வேறு. நாள்தோறும் பேணும் கைகள் உளவாதல் வேறு.

புத்தளத்தில் இதன் மறுதலை நிகழ்ந்தது. 1990ஆம் ஆண்டு ஒக்தோபரில் வடமாகாண முஸ்லிம்கள் தம் ஊர்களிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அவர்களுட் பெரும்பாலோர் தஞ்சம் புகுந்தது இம்மாவட்டத்திலேயாம். சான்சிபாரில் வீடுகள் நின்றன, நினைவுடையோர் சென்றனர்; இங்கே நினைவுடையோர் வந்தனர், வீடுகளும் பள்ளிவாசல்களும் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் நின்றன. ஓலைக்குடிலிற் பிறந்த பிள்ளை, தான் காணாத கல்வீட்டின் முற்றத்தைத் தாயின் சொல்லாலே அறிந்து வளர்ந்தது. அச்சொல்லைக் கேட்டோர் எழுதிவையாராயின், அடுத்த தலைமுறையில் அம்முற்றம் இல்லாததாகிவிடும்.

கரையின் தோற்றமும் விரைந்து மாறுகின்றது. 1980களில் இறால் வளர்ப்புக் குளங்கள் பரந்தன. 2011இல் நுரைச்சோலை நிலக்கரி மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. கற்பிட்டியில் உல்லாச விடுதிகள் பெருகின. மாற்றம் தீதன்று, பிழைப்பு வேண்டுவோர்க்கு அது தேவையுமாகும். ஆனால் எது போயிற்று என்பதறியாது போவதே தீது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்டனவற்றையே பெரிதும் கருதுகின்றது. அதற்குப் பிற்பட்ட வணிகர் வீடும் திண்ணையும் பண்டகசாலையும் பள்ளிக்கூடமும் தனியே அறிவிக்கப்பட்டாலன்றிக் காப்புப் பெறா. மக்களின் வாழ்வு படிந்தவையோ பெரும்பாலும் இவைதாம்.

எனவே, சட்டம் எட்டாத இடத்தில் எழுதுகோல் எட்டவேண்டும். அதற்கு வழிகாட்டியும் இக்கரையிலேயே தோன்றினார். 1807இற் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இலங்கை இடவிளக்க நூலில் ஊர், துறைமுகம், ஆறு, மக்கள் வழக்கம் முதலியவற்றை அகரவரிசையில் தொகுத்தார். 1859இல் வெளிவந்த ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலில் தமிழ்ப் புலவர் பலரின் வரலாறுகளை ஒருங்கு சேர்த்தார். பெருஞ்செல்வமோ படையோ அப்பணிக்கு வேண்டியிருக்கவில்லை. கேட்கும் செவியும் எழுதும் பொறுமையுமே வேண்டியிருந்தன.

கோயிலை வழக்கம் காத்தது. மரமதிலை எழுத்துக் காத்தது. கோட்டையைக் கல் மட்டுமே காத்தது. இம்மூன்றும் ஒன்றுகூடின் எந்நினைவும் எளிதில் அழியாது. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவன் பழைய வீடொன்றின் அளவை எடுத்து, அதன் அறைகளின் பெயர்களை முதியோரிடம் கேட்டு, ஓர் ஏட்டிற் குறித்து வருவானாயின், அது சிறு பணியாகத் தோன்றலாம். அவ்வீடு இடிந்தபின் அவ்வேடே வீடாகும்.