செத்துப் பிழைத்த சங்கம்

தொழிற்சங்கத்தை உடைக்க முதலாளி பார்ப்பார். அதைக் காப்பாற்றத் தொழிலாளி போராடுவார். ஊர் உலகமெங்கும் நடப்பது இதுதான். 1989-ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்காவில் இது தலைகீழாக நடந்தது. கால்பந்து வீரர்களின் சங்கம், இனித் தான் தொழிற்சங்கமே இல்லை என்று தானாகவே அறிவித்துக்கொண்டது. அதைக் கேட்டு மகிழ்ந்திருக்க வேண்டிய அணி முதலாளிகளோ, ‘அதெல்லாம் நடிப்பு, சங்கம் உயிரோடுதான் இருக்கிறது’ என்று நீதிமன்றத்தில் வாதாடினார்கள். இதில் யாருக்கும் புத்தி பிசகிவிடவில்லை. இரண்டு தரப்பும் தங்கள் லாபத்தைச் சரியாகவே கணக்குப் போட்டிருந்தன.

இங்கே பேசுவது மெஸ்ஸி ஆடும் கால்பந்தைப் பற்றி அல்ல. ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, நீள்வட்டப் பந்தை மார்போடு அணைத்து ஓடுகிறவன்மேல் மலைபோன்ற ஆட்கள் பாய்ந்து விழும் அமெரிக்கக் கால்பந்து. நடத்துவது என்.எஃப்.எல். என்கிற லீக். இன்று அதில் 32 அணிகள். கிரீன் பே பேக்கர்ஸ் மட்டும் பொதுமக்கள் பங்கு வாங்கி வைத்திருக்கும் அணி. அதனால் அதன் வரவுசெலவு ஆண்டுதோறும் வெளியாகிறது. மற்ற 31 அணிகளும் தனியார் சொத்து. அவற்றின் கணக்குப் புத்தகத்தை வெளியாள் பார்க்க முடியாது.

ஒரு கடைத்தெருவில் உள்ள 32 ஜவுளிக்கடை முதலாளிகள் கூடிப் பேசி மூன்று முடிவுகள் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கு எல்லாக் கடைக்கும் ஒரே உச்சவரம்பு. ஒரு கடை ஆளை இன்னொரு கடை எடுக்கக்கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவன் எந்தக் கடைக்குப் போவது என்பதையும் முதலாளிகளே முறைவைத்துத் தீர்மானிப்பார்கள். அமெரிக்காவில் 1890-இல் வந்த ஷெர்மன் சட்டத்தின்படி இது சட்டவிரோதம். போட்டியாளர்கள் கூட்டுச் சேர்ந்து விலையையோ கூலியையோ கட்டுப்படுத்தக் கூடாது. மீறினால், பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டத்தை மூன்று மடங்காகத் தர வேண்டும்.

என்.எஃப்.எல். முதலாளிகள் இதில் கடைசி இரண்டையும் செய்துவந்தார்கள். கல்லூரியிலிருந்து வரும் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ 1936-இல் தொடங்கியது. முந்தைய ஆண்டு கடைசியில் நின்ற அணிக்கு முதல் தேர்வு. வீரனின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. (அந்த முதல் ஆண்டில் முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் ஒரு நாள்கூட இந்த லீக்கில் ஆடவில்லை.) அணி மாறுவதற்கு 1963-இல் இன்னொரு பூட்டு வந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரனை எடுக்கும் அணி பழைய அணிக்கு ஈடு கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதில் உடன்பாடு வராவிட்டால் லீக்கின் தலைவர் பீட் ரோசெல் சொல்வதே தீர்ப்பு. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அணி மாற வாய்ப்பிருந்த 176 பேரில் வேறு அணியில் சேர்ந்தவர்கள் 34 பேர்தான்.

இதை எதிர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு பில் ராடோவிச் உதாரணம். டெட்ராய்ட் அணியில் ஆடியவர். தந்தைக்கு உடல்நலமில்லை என்பதால் லாஸ் ஏஞ்சலிஸ் அணிக்கு மாற்றல் கேட்டார். மறுத்தார்கள். 1946-இல் போட்டி லீக் ஒன்றின் லாஸ் ஏஞ்சலிஸ் அணியில் சேர்ந்துகொண்டார். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சிறிய அணி அவரை வேலைக்கு எடுக்க வந்தபோது, அவர் பெயர் கறுப்புப் பட்டியலில் இருக்கிறது, எடுத்தால் உங்களுக்கும் தண்டனை என்று எச்சரிக்கை போனது. ராடோவிச் வழக்குத் தொடுத்தார். 1957-இல் உச்ச நீதிமன்றம், கால்பந்தும் வியாபாரம்தான், ஷெர்மன் சட்டம் இதற்கும் பொருந்தும் என்றது. பேஸ்பாலுக்கு மட்டும் 1922-இலேயே அதே நீதிமன்றம் விலக்குக் கொடுத்திருந்தது. முரண்பாடாகத் தோன்றினால் நாடாளுமன்றம் சரிசெய்துகொள்ளட்டும் என்று நீதிபதிகள் கைகழுவிவிட்டார்கள்.

அப்படியானால் டிராஃப்ட் இன்றுவரை எப்படி நடக்கிறது? இங்கேதான் சங்கம் உள்ளே வருகிறது.

தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு கூட்டுப்பேரம் பேசுவதை இன்னொரு சட்டம் பாதுகாக்கிறது. சங்கமும் முதலாளிகளும் மேசையில் உட்கார்ந்து ஒப்புக்கொண்ட விதி, அது கூலியைக் கட்டுப்படுத்தும் விதியாகவே இருந்தாலும், ஷெர்மன் சட்டத்துக்குள் வராது என்று நீதிமன்றங்கள் வகுத்தன. உச்சவரம்பு, டிராஃப்ட், அணி மாறத் தடை எல்லாம் தனியாக நின்றால் குற்றம். சங்கத்தின் கையெழுத்து விழுந்துவிட்டால் ஒப்பந்தம். அதாவது முதலாளிகளுக்குச் சங்கம் தலைவலி மட்டுமல்ல, கவசமும் கூட. வீரர்களுக்கு அது ஆயுதம் மட்டுமல்ல, விலங்கும் கூட. இந்த முடிச்சை அவிழ்க்க வீரர்களுக்கு முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் வேலைநிறுத்தம் என்ற வழக்கமான வழியில் பலமுறை போய் அடிபட்டார்கள்.

அந்த வழி அவர்களுக்கு ஏன் சரிப்படவில்லை என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு வீரரின் ஆட்ட வாழ்வு சராசரியாக 3.3 ஆண்டுகள் என்கிறது சங்கம். (லீக் இதை ஏற்பதில்லை, வேறு விதமாக எண்ணி ஆறு ஆண்டு என்கிறது.) அந்தக் காலத்தில் பருவத்துக்கு 16 ஆட்டங்கள். சங்கத்தின் கணக்கையே எடுத்தால் வாழ்நாளுக்கு ஐம்பத்து மூன்று ஆட்டங்கள். 1982-இல் 57 நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் ஏழு ஆட்டங்கள் போயின. வாழ்நாள் சம்பாத்தியத்தில் எட்டில் ஒரு பங்கு போனது. முப்பத்தைந்து ஆண்டு உத்தியோகம் பார்க்கும் ஒருவர் நாலரை ஆண்டு சம்பளமில்லாமல் போராடுவதற்குச் சமம் இது. எதிரே இருப்பவர்கள் யார்? சிகாகோ பேர்ஸ் அணி 1920-களின் தொடக்கத்திலிருந்து ஹாலஸ் குடும்பத்திடம் இருக்கிறது. நியூயார்க் ஜயன்ட்ஸ் 1925-இல் மாரா குடும்பம் தொடங்கியது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 1933 முதல் ரூனி குடும்பத்துடையது. அவர்களுக்கு ஒரு பருவம் போனால் அடுத்த பருவம் வரும். அதோடு, 1961-இல் வந்த ஒரு சட்டம் அணிகள் சேர்ந்து தொலைக்காட்சி உரிமையை விற்க அனுமதித்தது. அந்தப் பணத்தை எல்லாரும் சமமாகப் பிரித்துக்கொள்வதால் முதலாளிகள் கூட்டணியில் லேசில் விரிசல் விழுவதில்லை. ஒற்றுமையைப் பற்றித் தொழிலாளிக்குப் பாடம் எடுக்கும் நாம், முதலாளிகளின் ஒற்றுமையைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம்.

1982-இல் வீரர்கள் கேட்டது மொத்த வருமானத்தில் 55 சதவீதம். முதலாளிகள் காதில் வாங்கவில்லை. 1987-இல் அணி மாறும் சுதந்திரம் கேட்டு, செப்டம்பர் 22 அன்று மறுபடி வேலைநிறுத்தம். இந்தமுறை முதலாளிகள் தயாராக இருந்தார்கள். ஒரு வாரம் ஆட்டங்களை ரத்து செய்தார்கள்; அடுத்த மூன்று வாரம் கூலிக்குப் பிடித்துவந்த மாற்று ஆட்களை அதே சட்டை போட்டு இறக்கினார்கள். அணிகளில் இடம் கிடைக்காமல் கழிக்கப்பட்டவர்கள், வேறு வேலைக்குப் போய்விட்ட பழைய ஆட்டக்காரர்கள், வாஷிங்டன் அணிக்குச் சிறையிலிருந்து விடுப்பில் வந்த ஒருவர்கூட. தொலைக்காட்சி ஒளிபரப்பியது. ஆட்டங்களும் புள்ளிப் பட்டியலில் சேர்ந்தன.

பிலடெல்ஃபியாவில் லாரி ஓட்டுநர் சங்கத்தினர் மைதான வாசலில் மறியலுக்கு நின்றார்கள். பெரிய மைதானத்துக்குள் நாலாயிரத்துச் சொச்சம் பேர்தான் போனார்கள். ஆனால் எல்லா ஊரும் பிலடெல்ஃபியா அல்ல. நட்சத்திரங்களே வரிசை உடைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவின் ஜோ மான்டனா, டாலஸின் ராண்டி வைட் எல்லாம் உள்ளே போய் ஆடினார்கள். அவர்களைக் கருங்காலிகள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. முன்னே சொன்ன கணக்கை நினைத்துப் பார்த்தால் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியவில்லை. 24-ஆம் நாள் வேலைநிறுத்தம் முடிந்தது. கையில் ஒப்பந்தம் இல்லை. அந்த வார ஆட்டத்துக்கு நேரம் கடந்துவிட்டது என்று திரும்பி வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தினார்கள். அக்டோபர் 19, திங்கள் இரவு. டாலஸ் பக்கம் வரிசை உடைத்த நட்சத்திரங்கள். வாஷிங்டன் பக்கம் முழுக்க மாற்று ஆட்கள். மாற்று ஆட்களே 13-7 என்று ஜெயித்தார்கள். அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை வாஷிங்டன்தான் வென்றது. மாற்று ஆட்களுக்கு வெற்றி மோதிரம் கிடைத்தது 2018-இல்.

அந்தக் காலத்துப் பேச்சுவார்த்தை ஒன்றில் டாலஸ் அணி நிர்வாகி டெக்ஸ் ஷ்ராம், நீங்கள் மாடுகள், நாங்கள் பண்ணைக்காரர்கள் என்ற பொருளில் சொன்னதாக இன்றும் சொல்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர் சங்கத்தின் தலைமை நிர்வாகி ஜீன் அப்ஷா. ஓக்லண்ட் ரைடர்ஸ் அணியில் பதினைந்து பருவங்கள் ஆடியவர். வேலைநிறுத்தம் தோற்ற கையோடு அவர் நீதிமன்றத்துக்குப் போனார். அங்கேயும் முதலில் தோல்விதான். 1989 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இது: பேச்சுவார்த்தை முறிந்திருக்கலாம், ஒப்பந்தம் காலாவதியாகியிருக்கலாம். ஆனால் சங்கம் என்று ஒன்று இருக்கும்வரை இது தொழிலாளர் தகராறுதான். ஷெர்மன் சட்டம் நுழைய முடியாது.

இருக்கும்வரைதானே? சங்கம் இல்லாவிட்டால்? தீர்ப்பிலேயே வாசல் திறந்திருந்தது. அப்ஷாவும் வழக்கறிஞர்களும் சங்கத்தைக் கலைத்தார்கள். அமைப்பு வெறும் தொழில்முறைச் சங்கமாக மாறியது. கூட்டுப்பேர உரிமை, வேலைநிறுத்த உரிமை எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தார்கள். ஒரு தொழிற்சங்கத் தலைவர் செய்த துணிச்சலான காரியங்களில் இதற்கு ஈடாக எனக்கு வேறொன்று தெரியாது.

இனி எதிரே நிற்பது தனித்தனி ஆட்கள். நியூயார்க் ஜெட்ஸ் அணியின் ஃபிரீமன் மெக்நீலும் இன்னும் ஏழு பேரும் வழக்குத் தொடுத்தார்கள். அப்போது நடப்பில் இருந்த விதிப்படி, ஒவ்வோர் அணியும் தன் ஆட்களில் 37 பேரைப் பூட்டி வைத்துக்கொள்ளலாம். மீதிப் பேர் எங்கே வேண்டுமானாலும் போகலாம். யாருக்கும் வேண்டாதவர்களுக்கு மட்டும் சுதந்திரம். 1992 செப்டம்பரில் மினியாபொலிஸ் நகரில், எட்டுப் பெண்கள் கொண்ட ஜூரி இந்த விதி சட்டவிரோதம் என்றது. நால்வருக்கு 5,43,000 டாலர் நஷ்டஈடு; சட்டப்படி மூன்று மடங்கு. தொகை பெரிதல்ல. ஆனால் அதே கணக்கில் லீக்கின் நூற்றுக்கணக்கான வீரர்கள் கிளம்பினால் என்ன ஆகும் என்பதை முதலாளிகள் யோசித்தார்கள். ரெஜி வைட் என்ற பெயர்பெற்ற தடுப்பாட்டக்காரரின் பெயரில் கூட்டு வழக்கும் வந்து நின்றது. 1993-இல் சமரசத்துக்கு இறங்கி வந்தார்கள்.

சமரசத்தில் குறிப்பிட்ட ஆண்டுகள் ஆடிய வீரர்களுக்கு அணி மாறும் உரிமை கிடைத்தது. பதிலுக்கு முதலாளிகள் சம்பள உச்சவரம்பு வாங்கிக்கொண்டார்கள்: 1994-இல் அணிக்கு 3 கோடியே 46 லட்சம் டாலர். அந்த வரம்பை எதை வைத்துக் கணக்கிட்டார்கள்? லீக்கின் வருமானத்தில் குறிப்பிட்ட சதவீதமாக. 1982-இல் வீரர்கள் கேட்டு முதலாளிகள் மறுத்ததும் சதவீதம்தான். இந்த ஒப்பந்தத்துக்கு ஷெர்மன் சட்டத்திலிருந்து பாதுகாப்பு வேண்டுமானால் கையெழுத்துப் போடச் சங்கம் வேண்டுமே? எனவே செத்த சங்கம் உயிர்த்தெழுந்தது. வேறு வார்த்தையில் சொன்னால், முதலாளிகளுக்காக உயிர்த்தெழுந்தது.

1996-இல் உச்ச நீதிமன்றமும் இந்த ஏற்பாட்டுக்கு முத்திரை குத்தியது. பயிற்சி அணி வீரர்களுக்கு வாரம் 1,000 டாலர் என்று எல்லா அணிகளும் கூடி நிர்ணயித்ததை எதிர்த்த வழக்கு அது. எட்டு நீதிபதிகள் முதலாளிகள் பக்கம். எதிர்த்தவர் ஸ்டீவன்ஸ் ஒருவர்.

2011-இல் நாடகம் திரும்ப நடந்தது. லீக்கின் ஆண்டு வருமானம் அப்போது சுமார் 900 கோடி டாலர். முதலாளிகள் கூடுதல் பங்கு கேட்டார்கள். வீரர்கள், முதலில் கணக்கைக் காட்டுங்கள் என்றார்கள். கதவடைப்பு நடந்தாலும் சுமார் 400 கோடி டாலர் கிடைக்கும்படி முதலாளிகள் தொலைக்காட்சி நிறுவனங்களோடு முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். அது தவறு என்று நீதிபதி டேவிட் டோட்டி தீர்ப்பளித்தார். மார்ச் 11 அன்று சங்கம் மறுபடி தன்னைக் கலைத்துக்கொண்டது. டாம் பிரேடி, பெய்டன் மேனிங், டுரூ பிரீஸ் பெயர்களில் வழக்குப் போனது. மறுநாள் கதவடைப்பு. கலைப்பு வெறும் நாடகம் என்று லீக் தொழிலாளர் வாரியத்தில் புகார் செய்தது. கதவைத் திறக்கக் கீழ் நீதிமன்றம் உத்தரவிட, மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எந்தச் சட்டத்தைக் காட்டி என்பதுதான் வேடிக்கை. தொழிலாளர் போராட்டங்களை நீதிமன்றத் தடையாணை போட்டு ஒடுக்கக்கூடாது என்று 1932-இல் தொழிலாளருக்காக வந்த சட்டம் அது. அதே நிழலில் முதலாளிகளின் கதவடைப்பும் ஒதுங்கிக்கொண்டது. ஜூலையில் பத்தாண்டு ஒப்பந்தம் வந்தது. பருவத்துக்கு முந்தைய காட்சி ஆட்டம் ஒன்று மட்டும் ரத்தானது.

மறு ஆண்டு முதலாளிகள் நடுவர்களுக்கும் கதவை அடைத்தார்கள். மாற்று நடுவர்கள் வந்தார்கள். சியாட்டிலில் ஒரு திங்கள் இரவு, கடைசிப் பந்தில் தவறான தீர்ப்புச் சொல்லி கிரீன் பே அணியைத் தோற்கடித்தார்கள். நாடே கொதித்தது. இரண்டே நாளில் உடன்பாடு வந்துவிட்டது! வீரர்கள் பல பத்தாண்டாகத் தெருவில் நின்று சாதிக்காததை ஒரு தவறான விசில் சாதித்துவிட்டது.

நடப்பு ஒப்பந்தம் 2020-இல் வீரர்கள் வாக்களித்து ஏற்றது. ஆதரவு 1,019, எதிர்ப்பு 959. பருவத்துக்கு ஓர் ஆட்டம் கூடியது. குறைந்தபட்ச ஊதியமும் உயர்ந்தது. சொற்ப ஆண்டுகளே ஆடும் சாதாரண வீரனுக்கு அந்த உயர்வு பெரிது. கூடுதலாக ஓர் ஆட்டம் அடிவாங்குவதை நட்சத்திரங்கள் பலர் விரும்பவில்லை. முதலாளிகளுக்கு எதிரான சண்டையில் சங்கம் கண்டுபிடித்த தந்திரம் இந்த உள்வீட்டுப் பிளவுக்கு உதவாது. அணிக்கான உச்சவரம்பு 2025-இல் 27 கோடியே 92 லட்சம் டாலரைத் தொட்டது. ஒப்பந்தம் 2030 பருவத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு உடன்பாடு வராவிட்டால், சங்கம் மூன்றாவது முறையும் தன்னைக் கலைத்துக்கொள்ளச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை.